‘96 பீஸ் குயில்ட்டிங் செட்’ வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள்

இணையத்தில் தையல் வீடியோ நாலு பார்த்தால் போதும், அந்த ‘96 பீஸ் குயில்ட்டிங் செட்’ விளம்பரம் விடாமல் துரத்த ஆரம்பித்துவிடும். குயில்ட்டிங் என்றால் ஒட்டுத்துணிகளைத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்குப் போர்வையாக்கும் வேலை. நானும் வாங்கினேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை, அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒரே ஒரு சாமான், பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்த துணியைப் பாழாக்கிவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 96 எப்படி வந்தது என்று பாருங்கள். பிளாஸ்டிக் கிளிப் 40, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் ஃபுட் 15, கீழ் நூல் சுற்றும் பாபின் 12, ஊசி 10, கட்டர் பிளேடு 10. இதிலேயே 87 ஆகிவிட்டது. மிச்சம் ஒன்பதில் மூன்று பேனா, அப்புறம் ரோட்டரி கட்டர், வெட்டும் மேட், கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் 24 இன்ச் ஸ்கேல், தையல் பிரிக்கும் ரிப்பர், ஊசியில் நூல் கோக்கும் கம்பி, கையடக்கக் குட்டி மெஷின். எண்ணிக்கையைக் காட்டி ஆளை மயக்குவதுதான் இந்த மாதிரி செட்டின் வேலையே.

பாழாக்கிய சாமான் எது என்றால், ஸ்கேல். வேலையே செய்யாத கருவியால் பெரிய நஷ்டம் இல்லை, தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். நன்றாக வேலை செய்வதுபோலக் காட்டிக்கொண்டு தப்பாக அளக்கும் கருவிதான் குடியைக் கெடுக்கும். என்னிடம் ஏற்கெனவே ஒரு நல்ல சதுர ஸ்கேல் இருந்தது, போர்வைக்கான துணிக் கட்டங்களை எல்லாம் அதை வைத்து 12½ இன்ச்சுக்கு வெட்டி முடித்திருந்தேன். கட்டங்களுக்கு நடுவில் வரும் பட்டைகளை மட்டும் இந்தப் புது நீள ஸ்கேலில், அதே 12½ இன்ச் நீளம், 2½ இன்ச் அகலம் என்று வெட்டினேன். தைக்க உட்கார்ந்தால் எந்தப் பட்டையும் கட்டத்தின் முனை வரை வரவில்லை. எல்லாமே ஒரே அளவுக்குக் குட்டை. கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுவில் கட்டம் உப்பிக்கொண்டு நிற்கிறது, அயர்ன் பண்ணினாலும் படியவில்லை. மெஷினில் பல் சரியாக இழுக்கவில்லையோ, துணிதான் சுருங்கிவிட்டதோ என்றெல்லாம் நோண்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். புது ஸ்கேலின் 24ஆவது இன்ச் கோடு சரியாக 60 செ.மீ.யில் நிற்கிறது. 24 இன்ச் என்றால் 60.96 செ.மீ. வர வேண்டும். ஒரு இன்ச் 2.54 செ.மீ., இவர்கள் அந்தக் கடைசி நாலை விட்டுவிட்டு 2.5 என்று கோடு போட்டிருக்கிறார்கள்!

இதில் கொடுமை என்னவென்றால் சின்ன அளவில் இது கண்ணுக்கே தெரியாது. 2½ இன்ச் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் குறையும், யார் கவனிப்பார்கள்? 12½ இன்ச்சில் அது ஐந்து மில்லிமீட்டர். அதே ஸ்கேலை வைத்தே முழுக்க வெட்டியிருந்தால் துண்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும், போர்வை கொஞ்சம் சின்னதாக வந்திருக்கும், அவ்வளவுதான். வேறொரு ஸ்கேலோ, அச்சடித்த பேட்டர்னோ கலந்தால்தான் குட்டு வெளிப்படும். குட்டையாக வெட்டின துணியை நீளமாக்க முடியாது. அந்தத் துணி மறுபடி கிடைக்கவும் இல்லை.

ஆகவே எந்த ஸ்கேல் வாங்கினாலும், துணியில் வைக்கும் முன் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். ஒன்று, நம்பகமான இரும்பு ஸ்கேல் பக்கத்தில் வைத்து, ஆரம்பத்தில் மட்டும் பார்க்காமல் கடைசிக் கோடு வரை ஒப்பிடுவது. இரண்டாவது, மூலை சரியான செங்கோணமா என்று பார்ப்பது. காகிதத்தின் நேரான விளிம்பில் ஸ்கேலின் ஒரு ஓரத்தை ஒட்டி வைத்துச் செங்குத்தாக ஒரு கோடு, பிறகு ஸ்கேலை அப்படியே கவிழ்த்துப் போட்டு அதே புள்ளியில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மூலை சரி. பிரிந்து கவை மாதிரி வந்தால், பிழை எவ்வளவோ அதைப் போல இரண்டு மடங்கு அங்கே தெரியும். கோடுகள் அடிப்பக்கத்தில், அதாவது துணியைத் தொடுகிற பக்கத்தில் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மேல்பக்கம் அச்சாகியிருந்தால் நாம் குனிகிற கோணத்துக்கு ஏற்ப அளவு நகரும்.

ரோட்டரி கட்டருக்கு வருகிறேன். 1979இல் ஜப்பானிய ஓல்ஃபா நிறுவனம் இந்த வட்டக் கத்தியைக் கொண்டுவந்த பிறகுதான் ஒட்டுத்துணி வேலையின் வேகமே மாறியது, நல்ல கட்டர் நிஜமாகவே கையில் இருக்க வேண்டிய சாமான். ஆனால் இந்தப் பெட்டியில் வந்தது வேறு ரகம். பிளேடை மூடும் கவசம் தானாகவே பின்னால் நழுவுகிறது. வீட்டில் குழந்தை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். பிளேடு புதுசு என்று பேர், வெட்டிய துணியைத் தூக்கினால் ஒரே இடைவெளியில் ஒன்றிரண்டு இழை அறுபடாமல் தொங்குகிறது. அந்த இடைவெளியை அளந்து பாருங்கள். 45 மி.மீ. பிளேடு ஒரு முழுச் சுற்றுக்கு சுமார் 14 செ.மீ. உருளும். 14 செ.மீ.க்கு ஒரு முறை இழை விட்டுப்போகிறது என்றால் பிளேடின் விளிம்பில் ஒரு இடத்தில் பல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம், உங்கள் கை அழுத்தத்தில் குறை இல்லை. பத்து பிளேடும் சேர்ந்து ஒரு நல்ல பிளேடுக்கு ஈடாகவில்லை.

குட்டித் தையல் மெஷினைப் பற்றி என்ன சொல்வது. ஸ்டேப்ளர் சைஸில், பேட்டரியில் ஓடும். உடுத்தியிருக்கும் துணியிலேயே டக் டக் என்று ஓரம் அடிப்பதாக வீடியோவில் காட்டுவார்கள். அதில் பாபினே கிடையாது, ஒரே நூல். வீட்டு மெஷினில் மேல் நூலும் கீழ் நூலும் துணிக்குள் ஒன்றையொன்று பின்னிப் பூட்டிக்கொள்ளும், அதனால் ஒரு இடத்தில் அறுந்தாலும் மிச்சம் நிற்கும். இந்தக் குட்டி போடுவது சங்கிலித் தையல். முடிந்த முனையில் தொங்கும் நூலைப் பிடித்து லேசாக இழுத்தேன், சர்ர்ர் என்று முழு வரிசையும் கையோடு வந்துவிட்டது. கடைசி வளையத்துக்குள் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டால் நிற்கும்தான், அதை வீடியோவில் யாரும் காட்டுவதில்லை. மூன்று அடுக்கு குயில்ட்டை அதற்குள் நுழைக்கவே முடியாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மறையும் பேனா விஷயத்தில் கொஞ்சம் உஷார். பெட்டியில் வந்த மூன்றும் சூட்டில் மறையும் ரகம், அயர்ன் வைத்தால் கோடு காணாமல் போகும். போய்விடுவதில்லை, நிறம் மட்டும்தான் மறைகிறது. துணி கடுங்குளிரில் இருந்தால் கோடு திரும்ப வரும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுத் துணியில் கோடு போட்டு, அயர்ன் பண்ணி, ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள். அட்டையில் ‘நிரந்தரமாக அழியும்’ என்று போட்டிருந்தார்கள். தண்ணீரில் போகும் நீலப் பேனா இதற்கு நேர் எதிர், அதன்மேல் முதலில் அயர்ன் பட்டால் கறை நிலைத்துவிடும். எதுவானாலும் போர்வையின் மேல்பக்கத்தில் வரையும் முன் அதே துணியின் ஓரத் துண்டில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஃபுட் 15இல் என் மெஷினுக்குப் பொருந்தியது பாதிதான். ஃபுட்டை மாட்டும் பிடிமானத்தின் உயரம் மெஷினுக்கு மெஷின் மாறும், செட் விற்பவர்கள் ‘எல்லா மெஷினுக்கும்’ என்று அடித்துவிடுவார்கள். துணி ஓரத்திலிருந்து கால் இன்ச் (¼) தள்ளி நேராகத் தைக்க உதவும் கால் இன்ச் ஃபுட்டைப் போட்டுக்கொண்டு மெஷினை ஜிக்ஜாகில் விட்டால் ஊசி இரும்பில் மோதித் தெறிக்கும். பாபினும் அப்படித்தான், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஒரு மயிரிழை உயரம் கூடினாலும் கீழ் நூல் சிக்கும், நாம் நூல் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகைத் திருகிக்கொண்டே இருப்போம். உங்கள் மெஷினோடு வந்த பாபினையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

இப்போது விற்றவர் கதை. ஸ்கேல் தப்பு என்று இரும்பு ஸ்கேல் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தோடு எழுதினேன். முதல் பதில்: பெட்டியைப் பிரித்த வீடியோ வேண்டுமாம். ஸ்கேலின் கோடு தப்பாக இருப்பதற்கும் பெட்டி பிரித்த வீடியோவுக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த பதிலில், கூர்மையான சாமான் இருப்பதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். அப்புறம்தான் உண்மையான பேரம் வந்தது: நான் போட்ட ஒரு ஸ்டார் விமர்சனத்தை எடுத்துவிட்டால் பாதிப் பணம் தருகிறார்களாம். முடியாது என்றேன். அதோடு பேச்சு நின்றது. கொஞ்ச நாளில் அந்த விற்பனைப் பக்கமே காணோம், அதே படங்களோடு வேறு கடைப் பெயரில் புதுசாக முளைத்தது, அதுவும் நூற்றுக்கணக்கில் ஐந்து ஸ்டாரோடு. உள்ளே போய்ப் படித்தால் பாதி விமர்சனம் ‘காதில் மாட்டினால் வலிக்கவில்லை’, ‘சார்ஜ் நன்றாக நிற்கிறது’ என்று இருக்கிறது. வேறு ஏதோ சாமானுக்கு வாங்கிய ஸ்டாரை இதற்கு ஒட்டவைத்திருக்கிறார்கள். அதனால் ஸ்டார் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பழைய விமர்சனங்களைத் தேதி வரிசையில் இறங்கிப் படியுங்கள்.

நியாயமாகச் சொன்னால் அந்தப் பெட்டியில் இரண்டு சாமான் தேறியது. கிளிப் நன்றாகவே இருக்கிறது, தடிமனான ஓரத்துக்குப் பட்டி கட்டும்போது குண்டூசியைவிட நன்றாகப் பிடிக்கிறது. வெட்டும் மேட்டும் பரவாயில்லை, அதன் இன்ச் கட்டங்கள் இரும்பு ஸ்கேலோடு ஒத்துப்போகின்றன. ரிப்பர் முதல் நாளே மழுங்கிவிட்டது, ஆனால் நல்ல ரிப்பர் ஒன்று இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. குட்டை முனையில் சிவப்பு உருண்டை இருக்கும், அது துணி கிழியாமல் காப்பதற்கு. மற்றபடி புது ஊசி, ஒரு நல்ல 45 மி.மீ. கட்டர், சோதித்துப் பார்த்த ஒரு ஸ்கேல், உங்கள் மெஷினுக்கென்றே செய்த கால் இன்ச் ஃபுட், இவ்வளவு இருந்தால் ஒரு முழுப் போர்வையே முடித்துவிடலாம். கால் இன்ச் ஃபுட் கிடைக்கவில்லையா, ஊசியிலிருந்து கால் இன்ச் தள்ளி மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் ஓரத்தோடு துணியை விடுங்கள், அதுவே போதும். தையல் ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் இரண்டு துண்டிலும் சேர்ந்தே குறையும், ஒரு வரிசையில் எட்டுத் தையல் இருந்தால் 1/16 இன்ச் பிழை கடைசியில் முழுசாக ஒரு இன்ச்சைத் தின்றுவிடும். அதற்காகத்தான் இந்த அளவுக்கு அளவைப் பிடித்துத் தொங்குகிறேன்.

கடையின் பெயரைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை, இதற்குள் இன்னொரு பெயருக்கு மாறியிருப்பார்கள். அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. விளம்பரத்தின் முதல் படத்தில் ஸ்கேல் அந்த மேட்டின் மேலேயே கிடக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது ஓரத்தில் ஸ்கேல் கோடும் மேட் கோடும் ஒன்றாக ஆரம்பிக்கும், வலது பக்கம் போகப் போக விலகி, 24ஆவது கோட்டில் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. இடைவெளி பளிச்சென்று தெரியும்.