இரண்டாவது ரூட்டர்: ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் பயன்பாட்டு அனுபவம்

மாதாந்தர ஜி.எஸ்.டி. கணக்கு 20ஆம் தேதிக்குள் தாக்கலாக வேண்டிய ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், அந்த வாரம் இணையம் போனால் வேலை மொத்தமும் நின்றுவிடும். அதனால் ஃபைபர் இணைப்புள்ள மைக்ரோடிக் நிறுவன ரூட்டருக்குத் துணையாக, அதே வகை ரூட்டர் ஒன்றை 4ஜி இணைப்புடன் வைத்து, ஒன்று நின்றால் மற்றொன்று தானே பொறுப்பேற்கும் வி.ஆர்.ஆர்.பி. முறையில் இரண்டையும் இணைத்து நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறோம்.

கணினிகள் கேட்வேயாக, அதாவது இணையத்துக்குச் செல்லும் வாசலாக, அறிந்திருப்பது இரண்டு ரூட்டர்களில் எதன் சொந்த முகவரியும் அல்லாத, இரண்டுக்கும் பொதுவான 192.168.10.1 என்னும் மெய்நிகர் முகவரியை மட்டுமே. பொறுப்பிலிருக்கும் ரூட்டர் விநாடிக்கொரு முறை தன் இருப்பை அறிவிக்கும். அது நின்றால், முன்னுரிமை எண் (பெரிய எண் உள்ளதற்கே முதலுரிமை) 100 கொண்ட துணை ரூட்டர் ஏறத்தாழ 3.6 விநாடியில் பொறுப்பேற்கும். மெய்நிகர் முகவரிக்குரிய மேக் முகவரியும் (உள் வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் எண்) கூடவே நகர்வதால் கணினிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போது முதன்மை ரூட்டரின் மின்செருகியைப் பிடுங்கினால், திரையில் ஓரிரு ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ வரிகள் வந்து, பிறகு பதில்கள் தொடரும்; 4ஜி என்பதால் பதில் வரும் நேரம் மட்டும் கூடியிருக்கும்.

இந்தக் காட்சி மனத்துக்கு நிறைவாக இருந்தாலும், நடைமுறையில் ரூட்டர் செத்துப்போவது அரிது. அடிக்கடி நிகழ்வது, ரூட்டர் நன்றாக இயங்க, தெருவில் எங்கோ ஃபைபர் அறுபடுவதுதான். உள் வலையமைப்பை மட்டுமே கவனிக்கும் வி.ஆர்.ஆர்.பி.க்கு அது தெரியவே தெரியாது. ஆகவே முதன்மை ரூட்டரில் நெட்வாட்ச் என்னும் கண்காணிப்பு வசதி மூலம் வெளி முகவரி ஒன்றுக்குத் தொடர்ந்து பிங் அனுப்பி, பதில் நின்றால் தன் முன்னுரிமையை 150இலிருந்து 50ஆகத் தானே குறைத்துக்கொள்ளும்படி சிறு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறோம். என் மதிப்பில், இந்த ஏற்பாட்டின் பயனில் பெரும்பகுதி அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது.

அடுத்து, பிரீஎம்ப்ஷன், அதாவது கூடுதல் முன்னுரிமையுள்ள ரூட்டர் மற்றதிடமிருந்து பொறுப்பைப் பறித்துக்கொள்ளும் அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்தடைக்குப் பின் முதன்மை ரூட்டர் எழுந்ததும், ஃபைபரில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழையும் பி.பி.பி.ஓ.இ. இணைப்பு உயிர்பெறும் முன்பே பொறுப்பைப் பறித்துக்கொண்டால், ஓடிக்கொண்டிருந்த இணையம் வீணாக நிற்கும். எனவே முதன்மையில் அதை அணைத்தும், துணையில் இயக்கியும் வைப்பதே சரி. துணையிலும் அணைத்துவிட்டால், முதன்மை தன் எண்ணைக் குறைத்தாலும் துணை முன்வராது. ஃபைபர் சீரானபின், மதிய உணவு வேளையில் துணையின் வி.ஆர்.ஆர்.பி.யைச் சற்று நேரம் அணைத்து நாங்களே பொறுப்பைத் திருப்புகிறோம். இதைத் தானியங்கியாக்க நான் விரும்பவில்லை; விட்டுவிட்டு வரும் ஃபைபர், முழுதாக அறுந்த ஃபைபரைவிடத் தொல்லையானது.

கணினிகளுக்குத் தானாக வழங்கப்படும் டி.எச்.சி.பி. முகவரிகளின் பதிவை இரண்டு ரூட்டர்களும் பகிர்ந்துகொள்ளாததால், முகவரியின் கடைசி எண்ணில் ஒன்றுக்கு 50 முதல் 149 வரையும் மற்றதற்கு 150 முதல் 249 வரையும் பிரித்துக் கொடுத்தோம். பிரிண்டர்களுக்கும் கேமரா ரெக்கார்டருக்கும் நிலையான முகவரிதான். முதன்மையின் அமைப்பைத் துணைக்குக் கொண்டுசெல்ல பேக்கப் கோப்பைப் பயன்படுத்தக் கூடாது. அது மேக் முகவரிகளையும் சேர்த்தே நகலெடுத்துவிடும். எக்ஸ்போர்ட் செய்த உரைக்கோப்பைத் திருத்திப் பயன்படுத்துவதே முறை. இரண்டு ரூட்டர்களும் தனித்தனி யூ.பி.எஸ்.ஸில் இருக்கின்றன, எல்லாவற்றையும் கம்பியால் இணைக்கும் ஸ்விட்ச் மட்டும் ஒன்றே, அது போனால் எல்லாம் போகும் என்பதை ஏற்று, அமைப்பு ஏற்றிய மாற்று ஸ்விட்ச் ஒன்றை அலமாரியில் வைத்திருக்கிறோம்.

இணைப்பு மாறும் கணத்தில் வெளி முகவரியும் மாறுவதால், நடுவில் இருக்கும் பதிவேற்றங்கள் அறுபடும். வங்கித் தளங்கள் சில மீண்டும் உள்நுழையச் சொல்லும். 4ஜி இணைப்பில் வெளியிலிருந்து அணுகக்கூடிய பொது முகவரி கிடைக்காததால், அந்த நேரத்தில் வீட்டிலிருந்து அலுவலகக் கேமராக்களை நேரடியாகப் பார்க்க முடியாது. தாக்கல் வேலைக்கு இவை தடையாக இல்லாததால் அப்படியே விட்டிருக்கிறோம்.