டின் அடுப்பு பரவாயில்லை, பாத்திர உறை பிரமாதம்

கூடாரத்தோடு போகும் நடைப்பயணங்களில் முதுகுப்பையின் எடையைக் குறைக்க வீட்டிலேயே ஏதாவது செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் டின் அடுப்பில்தான் தொடங்குகிறார்கள். நானும் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

உள்ளங்கையில் அடங்கும் அலுமினிய உணவு டின் ஒன்று, காகிதத்தில் துளை போடும் பஞ்ச் ஒன்று போதும். விளிம்புக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் இரண்டு வரிசைத் துளைகள், ஒன்றின் இடைவெளியில் மற்றது வரும்படி. ஸ்பிரிட் (எரிசாராயம்) ஊற்றிப் பற்றவைத்து அரை நிமிடம் விட்டால் டின் சூடேறி ஸ்பிரிட் கொதிக்கத் தொடங்கும். அப்போது பாத்திரத்தை நேராக டின் மேலேயே வைத்துவிடலாம். வாய் அடைபடுவதால் ஆவி பக்கத்துத் துளைகள் வழியே பீறிட்டு எரியும். ஸ்டாண்டும் மிச்சம். என் டின் 7 கிராம்தான்.

அரை லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 20 மில்லி ஸ்பிரிட் போகிறது. அலுமினியத் தாளை மடித்து காற்றுத் தடுப்பு வைக்காவிட்டால் எவ்வளவு ஊற்றினாலும் வீண். ஒடுக்கமான குவளையும் சரிப்படாது, தீ வெளிப்பக்கமாக ஏறிப் போய்விடும். பட்டப்பகலில் தீ கண்ணுக்கே தெரியாது என்பதால், அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஸ்பிரிட் ஊற்றுவது ஆபத்து. நினைத்தபோது அணைக்கத் திருகும் கிடையாது. தீ மூட்டத் தடை உள்ள பல இடங்களில் இதை அனுமதிக்காததற்கு அதுவே காரணம். கூடாரத்துக்குள் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கிராம் ஸ்பிரிட் தரும் சூடு, ஒரு கிராம் கேஸ் தருவதில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் நடைக்கு டின் ஜெயிக்கும். வழியில் எரிபொருள் கிடைக்காத நீண்ட பயணம் என்றால் கேஸ்தான் இலகு.

எனக்கு உண்மையில் பிடித்தது அடுப்பு இல்லை, பாத்திர உறை. கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்க விரிக்கும் வெள்ளி நிறக் குமிழ்த் தாளைப் பாத்திரத்தின் அளவுக்கு வெட்டி, அலுமினிய டேப்பால் ஒட்டியது. மூடிக்கும் தனியாக ஒரு வட்டம். தண்ணீர் கொதித்ததும் பாஸ்தாவைப் போட்டு உறைக்குள் இறக்கினால் கால் மணி நேரத்தில் தானாக வெந்துவிடும். எரிபொருளும் மிச்சம், அடிப்பிடிக்கவும் பிடிக்காது. கேஸ் அடுப்புக்காரர்களும் செய்துகொள்ளலாம்.

கூடாரத்தின் கீழ் விரிக்க, வீட்டுச் சுவருக்குச் சுற்றும் டைவெக் தாள் நன்றாக உழைக்கிறது. புதிதில் சரசரவென்று தூங்கவிடாது. சோப்பு போடாமல் வாஷிங் மெஷினில் ஒருமுறை சுற்றினால் துணி மாதிரி மெத்தென்று ஆகிவிடும். 1955-இல் 67 வயது எம்மா கேட்வுட் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதையின் 3,300 கிலோமீட்டரையும் தானே தைத்த ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து முடித்தார். மழைக்கு அவர் வைத்திருந்தது குளியலறைத் திரை. அதை நினைத்தால் நம் கருவி வெறி கொஞ்சம் சிரிப்புதான்.

பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை வெட்டுவதெல்லாம் வெட்டி வேலை. கனத்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தாலே நூறு கிராமுக்கு மேல் குறையும். பையில் தொங்கும் உபரிப் பட்டைகளை வெட்டலாம். வெட்டிய முனையை லைட்டரால் உருக்கிவிடுங்கள், இல்லையென்றால் இழை பிரியும். இடுப்புப் பட்டையை மட்டும், தடித்த குளிர்ச்சட்டை போட்டு மாட்டிப் பார்த்த பிறகு வெட்டுங்கள்.