முழு டேங்கில் இருபது நிமிடம்: என் பழைய கேரவன் ஜெனரேட்டர்

பட்டுக்கோட்டை நண்பன் போன் பண்ணினான். "மாப்ள, உன் வண்டியில இருக்கிற அதே ஜெனரேட்டரோட ஒரு பழைய கேரவன் விலைக்கு வருது. நம்பி வாங்கலாமா?" நின்ற நிலையில் பதில் சொல்ல வரவில்லை. போன மாதம்தான் அதன் கோளாறு தீர்ந்தது. அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்துப் போட்ட பிறகு திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்குமா என்று வீடு வீடாகக் கேட்டு அலைந்தேன். அடுத்த வருஷம், ஷூட்டிங்குக்கு ஓடிய இந்தக் கேரவன் விற்பனைக்கு வந்தபோது அடியில் 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்ததைப் பார்த்துத்தான் கை நீட்டினேன். அம்மாவைக் கோயில் குளம் என்று கூட்டிப்போகவும் வசதியாக அமைந்தது.

மெஷின் தங்கம். ஏசி கம்ப்ரஸர் கிளம்பும்போது ஒரு முனகல், அவ்வளவுதான். மறுநொடி மீட்டரில் 230 வந்து நிற்கும். நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதைத் தவிர வேறு செலவு வைத்ததில்லை. கல்லணைக் கால்வாய்க் கரையில் சாய்வாக நிறுத்தினால் ஆயில் சென்சார் படக்கென்று அணைத்துவிடும். அது இன்ஜினைக் காப்பாற்றும் ஏற்பாடு, குறையாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டு வருஷம் முன்பு, ஐப்பசிக் கடைமுழுக்குக்கு மயிலாடுதுறை போனோம். முதல் நாள் மாலை டேங்கை விளிம்பு வரை நிரப்பியிருந்தேன். ராத்திரி ஏசி போட்டு இருபது நிமிடம் ஆகியிருக்கும், ஜெனரேட்டர் நின்றுவிட்டது. பத்து நிமிடம் கழித்து சுவிட்சைத் தட்டினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. மறுபடி நின்றது. விடியும் வரை இதே கதை. அம்மா விசிறி மட்டையோடு உட்கார்ந்தே இருந்தார்.

ஒரு மெக்கானிக், பிளக்குக்குப் பொறி தரும் காயில் சூட்டில் போகிறது என்று அதை மாற்றினார். இன்னொருவர் சென்சாரை மாற்றினார். மூன்றாமவர் கார்புரேட்டரைப் பிரித்து, இப்போதைய இ20 பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், வண்டி மாதக்கணக்கில் நின்றால் ஜெட், அதாவது பெட்ரோல் வரும் பொடித் துளை, அடைக்கும் என்றார். ஜெட்டில் வெள்ளையாகப் படிந்தும் இருந்தது. அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் சுத்தம் செய்து மாட்டியும் அதே இருபது நிமிடம்.

எனக்கு ஆத்திரம் வந்ததும் இன்னும் ஆறாததும் வேறொன்றில். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் பிளக்கும் ஆயில் மூடியும் மட்டும்தான் கைக்கு எட்டும். பெட்ரோல் குழாய், டேங்கின் காற்றுக்குழாய் எல்லாம் பின்பக்கம். பார்க்க வேண்டுமானால் அடியில் ஜாக் கொடுத்து, எட்டு போல்ட் கழற்றி, மெஷினையே இறக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அரை நாள் கூலி. கண்ணுக்குத் தெரியாததை யார் சந்தேகப்படுவார்கள்? எட்டின பாகத்தையெல்லாம் மாற்றினார்கள்.

வழி காட்டியது என் நோட்டு. எவ்வளவு பெட்ரோல், எத்தனை நிமிடம் ஓடியது என்று குறித்து வைப்பது பழக்கம். முழு டேங்க் என்றால் இருபது நிமிடம். பாதி டேங்க் இருந்த நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல். சூடுதான் காரணம் என்றால் டேங்கில் எவ்வளவு இருந்தால் என்ன? நிற்கும் விதத்தையும் அப்போதுதான் கவனித்தேன். கரண்ட் கோளாறு என்றால் படக்கென்று நிற்கும். இது ஏறி இறங்கித் திணறி, மூச்சு வாங்கிச் செத்தது. காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கைப் பாதி இழுத்தால் இன்னும் அரை நிமிடம் கூடுதலாக ஓடியது. அதாவது பெட்ரோல் வரத்து குறைகிறது.

அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸ் என்று காற்று உள்ளே பாய்ந்தது. சுவிட்சைத் தொட்டேன், உடனே பிடித்துக்கொண்டது. பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க் பெட்ரோலை விடாது. முழு டேங்கில் மேலே காற்றுக்கு இடம் குறைவு, அதனால் சீக்கிரமே இறுகிவிடும்.

மெஷினை இறக்கினோம். சுண்டுவிரல் கூட நுழையாத ரப்பர் குழாய், வாய் நிறைய நம்மூர்க் களிமண். கம்பியால் குத்தியதும் மண் உதிர்ந்து நாலைந்து காய்ந்த சிலந்திகள் விழுந்தன. குளவிக்கூடு! வீட்டில் குளவி கட்டினால் கலைக்கக் கூடாது என்று விரட்டும் அம்மா, அன்று குனிந்து பார்த்துவிட்டு, "இதக் கலைடா தம்பி" என்றார். குழாய் வாயில் கொசுவலைத் துண்டு கட்டியாயிற்று. மயிலாடுதுறைக்குப் பிறகு முதல் தடவையாகப் போன மாதம் முழு டேங்கில் நாலு மணி நேரம் ஓடியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புகைக்குழாய் ஜன்னலுக்குக் கீழே முடியும் வண்டி என்றால் தொடவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

மெஷின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த வண்டி வேண்டாம், மாப்ள. அந்த எட்டு போல்ட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டாய் என்றால், அவர்களையே டேங்கை நிரப்பச் சொல்லி, ஏசியைப் போட்டு, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார். அது வரை மீதிப் பணம் உன் பையிலேயே இருக்கட்டும்.