சித்ரதுர்கா தாண்டி ஒரு டிரைவர் விடுதி: இரண்டு கண்ணையும் மூடித் தூங்கிய இடம்

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனே, மும்பை போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். சாயங்காலம் 6 மணிக்குத் தார்ப்பாய் கட்டிக் கிளம்பினால் தொப்பூர் ஏறி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, நைஸ் ரோட்டில் பெங்களூரைச் சுற்றிக்கொண்டு நெலமங்களா வரும்போது நடுராத்திரி. அப்புறம் தும்கூர், சிரா, ஹிரியூர். சித்ரதுர்கா மலைமேல் காற்றாலைகள் இருட்டில் நிழலாகத் தெரியும்போது மணி 4. சரியாக அந்த நேரத்தில்தான் தூக்கம் தள்ளும்.

அங்கிருந்து தாவணகெரே போகும் வழியில், இடது கைப் பக்கம், ஒரு டீசல் பங்குக்குப் பின்னால் டிரைவர்களுக்கென்றே ஒரு விடுதி கட்டியிருக்கிறார்கள். எண்ணெய் கம்பெனிகள் 'அப்னா கர்' என்ற பெயரில் பங்குகளில் நடத்தும் தங்குமிடம் இல்லை இது. பங்கு முதலாளி சொந்தக் காசில் கட்டியது. பிப்ரவரியிலிருந்து ஏழு முறை தங்கிவிட்டேன். குறைகளையும் எழுதப்போவதால் பெயரைப் போடவில்லை. அந்த ரோட்டில் ஓடுகிறவர்களுக்கு இந்த அடையாளம் போதும்.

நான் நாமக்கல் பக்கம். 22 வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். இப்போது ஓட்டுவது 12 சக்கர வண்டி, சிங்கிள் டிரைவர். கிளீனர் என்று ஒருவர் கூட வந்து நாலு வருடம் ஆகிறது.

விடுதி என்றதும் எல்லாரும் கட்டில் எப்படி, பாத்ரூம் எப்படி என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வண்டி நிறுத்தும் இடத்தை. லாரி டிரைவருக்குத் தூக்கம் கெடுவது கட்டில் இல்லாததால் இல்லை. கேபினில் சீட்டுக்குப் பின்னால் பலகை இருக்கிறது, அதில் படுத்துப் பழகிய உடம்புதான் இது. ஆனால் ரோட்டோரம் நிறுத்திப் படுத்தால் டீசல் டேங்க் மூடியை நெம்புகிற சத்தம் கேட்கிறதா என்று காது முழித்துக்கொண்டே இருக்கும். பேட்டரி, ஸ்டெப்னி, தார்ப்பாய்க் கயிறு என்று எதுவும் போகும். போனால் யார் பொறுப்பு? டிரைவர்தான். மூன்று மணி நேரம் அப்படிப் படுத்து எழுந்தால் அது மூன்று மணி நேரத் தூக்கம் ஆகாது.

இங்கே உள்ளே நுழைந்ததும் வண்டி நம்பரை எழுதி ஒரு டோக்கன் கொடுக்கிறார்கள். அந்த டோக்கனைத் திருப்பிக் கொடுக்காமல் வண்டி வெளியே போக முடியாது. நாலு மூலையிலும் கேமரா, சுற்றிலும் கம்பி வேலி, ராத்திரி முழுக்க ஒரு பெரியவர் கையில் டார்ச்சோடு நடந்துகொண்டே இருக்கிறார். முதல் தடவை நான் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து டேங்கைத் தொட்டுப் பார்த்தேன். அவருக்கு ஓசூர் பக்கம் வேலை பார்த்த தமிழ் கொஞ்சம் வரும். "நீங்க போய்ப் படுங்கண்ணா, வண்டியை நான் பார்த்துக்கறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் தூங்கினேன். இந்த விடுதிக்கு நான் கொடுக்கிற மார்க்கில் பாதி அந்தப் பெரியவருக்கு.

தூக்கத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், 2014இல் இதே ரோட்டில், சிரா தாண்டி, விடியற்காலை நாலரைக்கு எனக்குக் கண் அசந்துவிட்டது. அசந்ததே தெரியாது. வலது முன் டயர் டிவைடர் கல்லில் உரசிய சத்தத்தில்தான் முழித்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். மூன்று நொடி என்று வைத்தாலும் 50 மீட்டர் தூரம் அந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை. ஓரம் கட்டி இறங்கியபோது கால் நடுங்கியது. முந்தின நாள் காலையில் 6 மணிக்கு எழுந்து, பகலெல்லாம் லோடு ஏற்றும்போது பக்கத்தில் நின்று, சாயங்காலம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தவன் நான். ஆக 22 மணி நேரம் முழித்திருந்தேன்.

பின்னால் ஒரு கண் பரிசோதனை முகாமில் டாக்டர் ஒருவர் சொன்னார்: தொடர்ந்து 17 மணி நேரம் முழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர் அளவுக்குக் கையும் கண்ணும் தடுமாறும் என்று 1997இலேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்களாம். நம் நாட்டுச் சட்டத்தில் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வழக்கு. வாழ்க்கையில் ஒரு சொட்டு தொடாதவன் நான். அன்றைக்குக் குடித்தவனைப் போல ஓட்டியிருக்கிறேன் என்பதை ஏற்றுக்கொள்ளவே நாலு நாள் ஆனது.

சரி, விடுதிக்கு வருகிறேன். கூடத்தில் 18 இரும்புக் கட்டில், ரெக்சின் மெத்தை. 8 மணி நேரத்துக்கு 120 ரூபாய், பங்கில் டீசல் போட்டால் 60. ஏ.சி. கிடையாது, கட்டிலுக்குக் கட்டில் ஃபேன் உண்டு, ஜன்னலில் கொசு வலை அடித்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது தடித்த கருநீலத் திரை. நாம் பாதி நாள் பகலில்தான் தூங்குகிறோம். வெளிச்சம் மூஞ்சியில் அடித்தால் உடம்பு அதை ராத்திரி என்று நம்பாது. காலை 11 மணிக்குக்கூட அந்தத் திரையை இழுத்துவிட்டால் கூடம் இருட்டாகிவிடுகிறது. என் வண்டி 2017 மாடல். இன்ஜின் சூடு ஏறிய கேபினில் பகலில் படுத்தால் பனியன் பிழிகிற மாதிரி நனையும். 2025 அக்டோபர் 1க்குப் பிறகு தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று வந்திருப்பது நல்ல விஷயம். பழைய வண்டி ஓட்டுகிற எங்களுக்கு இந்த மாதிரி கூடம்தான் வழி.

குளிக்கத் தண்ணீர் தாராளம். கக்கூஸ் சுத்தம். ஆனால் 18 பேருக்கு நாலுதான், காலையில் வரிசை.

சாப்பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேண்டீனில் முத்தே கிடைக்கிறது, நம்ம ராகிக் களிதான். கூடவே கீரைச் சாறு, ஜோள ரொட்டி, வேர்க்கடலைச் சட்னி. மத்தியானம் வண்டி எடுக்க வேண்டியிருந்தால் ஒரு உருண்டை முத்தேயோடு நிறுத்திக்கொள்கிறேன். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்று சும்மாவா சொன்னார்கள்? தாபாவில் எண்ணெய் மிதக்கிற குழம்பும் குண்டான் சோறும் சாப்பிட்டு ஸ்டியரிங் பிடித்தால் 2 மணியிலிருந்து 4 மணி வரை கண்ணோடு சண்டைதான். விடியற்காலைக்கு அடுத்தபடி தூக்கம் தள்ளுகிற நேரம் அது. சொந்தமாகச் சமைக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு கொட்டகை, குழாயோடு போட்டிருக்கிறார்கள். நம் ஊர் டிரைவர்கள் டூல் பாக்ஸில் அடுப்பு வைத்து ரோட்டோரம் புகையில் உட்கார்ந்து சமைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சுகர் இருக்கிற டிரைவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பிட இது பெரிய உதவி.

இங்கே நான் பழகிக்கொண்ட ஒன்று, படுக்கும் முன் காபி. கேட்டால் தலைகீழாகத் தெரியும். முழுத் தூக்கம் போட நேரமில்லாமல், இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டிய நாளில், ஒரு காபியைக் குடித்துவிட்டு உடனே படுத்துவிடுகிறேன். காபி வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும். எழும்போது தூக்கமும் கொஞ்சம் தீர்ந்திருக்கும், காபியும் ஏறியிருக்கும். ராத்திரி முழுசாகப் படுக்கப்போகிற நாளில் இது கூடாது. காபி பல மணி நேரம் உடம்பில் நிற்கும். எழுந்த உடனே சாவியைத் திருகுவதும் இல்லை. ராடு எடுத்து 12 டயரையும் தட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவேன். காற்றும் தெரியும், தலையில் மிச்சமிருக்கிற தூக்கமும் அந்தக் கால் மணி நேரத்தில் கலையும்.

முகத்தில் தண்ணீர் அடிப்பது, ஜன்னலைத் திறந்துவிடுவது, சத்தமாகப் பாட்டு வைப்பது, பாக்கு மெல்லுவது எல்லாம் நானும் செய்தவன்தான். பத்து நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். முழிப்புக்கு மாத்திரை தருகிறேன் என்று சில கடைகளில் கேட்பார்கள், தயவுசெய்து வேண்டாம். சளி மாத்திரையிலும் கவனம் வேண்டும். நிறைய சளி மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். மருந்துக் கடையில் வாங்கும்போதே லாரி ஓட்டுகிறேன் என்று சொல்லி வாங்குங்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் குறட்டை விட்டு, நடுவில் மூச்சே நின்ற மாதிரி ஆகி, திணறி எழுந்து மறுபடி குறட்டை விட்டார். காலையில் அவரிடம் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அப்படிப்பட்டவர் பத்து மணி நேரம் படுத்தாலும் பகலில் ஸ்டியரிங்கில் தூங்குவார்.

இனி குறைகள். நுழைவுக்கான போர்டு நூறு மீட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. லோடு வண்டியை அதற்குள் அடக்கித் திருப்ப முடியாது. முதல் இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன். இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே ஒரு போர்டு வேண்டும். அதுவும் கன்னடம், இந்தியோடு தமிழிலும் இருந்தால் நல்லது, இந்த ரோட்டில் பாதி நம் வண்டிகள்தான். அடுத்தது, கூடத்துக்குள் போன் பேசுவதை யாரும் தடுப்பதில்லை. ஒரு நாள் ஒருவர் ஸ்பீக்கரில் வீடியோ பார்த்தார், எட்டு பேர் புரண்டு படுத்தோம். ஏர் பிடிக்கிற கம்ப்ரசர் கூடத்தின் மேற்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. அந்தப் பக்கக் கட்டிலை எடுக்காதீர்கள். எட்டு மணி நேரம் முடிந்ததும் கதவைத் தட்டி எல்லாரையும் எழுப்புகிறார் ஒரு பையன்; யாருக்கு நேரம் முடிந்ததோ அவரை மட்டும் தொட்டு எழுப்பினால் போதும். மேனேஜரிடம் இதையெல்லாம் சொன்னேன். போன் விஷயத்துக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார், கம்ப்ரசர் அப்படியே இருக்கிறது.

ஓனர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 1961இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டார்கள், அதில் இருந்தது இது: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, 5 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு. லோடு சேர வேண்டிய நேரத்தைப் பேசும்போது இந்த எட்டு மணி நேர ஹால்ட்டையும் சேர்த்துப் பேசுங்கள். என் இப்போதைய ஓனர் ஜவ்வரிசிக்கு ஒத்துக்கொண்டார். ரிட்டர்னில் நாசிக் வெங்காயம் ஏற்றினால்தான் இன்னும் இழுபறி, சரக்கு அழுகும் என்கிறார். ஆனாலும் வரும்போதும் இங்கே படுத்து எழுந்துதான் கிளம்புகிறேன். தொப்பூர் இறக்கத்தைத் தூக்கக் கண்ணோடு இறங்க நான் தயாரில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். போர்வையும், பெட்டிக்கு ஒரு பூட்டும் நீங்களே கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமை ராத்திரி 2 மணிக்கு மேல் போனால் கட்டில் கிடைப்பது சிரமம். அப்போதும் டோக்கன் வாங்கி உள்ளே நிறுத்திக் கேபினில் படுக்கலாம், அதற்குக் காசு வாங்குவதில்லை.