டபுள் மார்க்கரா, என்.ஐ.பி.டி.யா, பனிக்குட நீர்ப் பரிசோதனையா?

கர்ப்பம் பத்து வாரத்தைத் தாண்டியதும், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கலாமா என்ற பேச்சு வரும். பார்ப்பதென்றால் மூன்று வழிகள் உண்டு: குழந்தையின் பின்கழுத்தை அளக்கும் என்டி ஸ்கேனோடு சேர்த்துச் செய்யும் டபுள் மார்க்கர், தாயின் ரத்தத்தை மட்டும் வைத்துச் செய்யும் என்.ஐ.பி.டி., வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் திசுவையோ எடுத்துப் பார்ப்பது. மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி ‘எது துல்லியம்?’ என்று கேட்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. முதல் இரண்டும் வாய்ப்பு கூடுதலா குறைவா என்று மட்டுமே சொல்லும். உண்டா இல்லையா என்று சொல்வது மூன்றாவதுதான்.

டபுள் மார்க்கர் பழைய வழி. 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைக்குள் ஸ்கேனில் குழந்தையின் பின்கழுத்தில் உள்ள நீர்ப்படலத்தை அளக்கிறார்கள். தாயின் ரத்தத்தில் பாப்-ஏ, பீட்டா எச்சிஜி என்ற கர்ப்பகாலப் பொருட்கள் இரண்டின் அளவையும் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டு, ‘800-இல் ஒன்று’ என்பதுபோல ஒரு வாய்ப்பைத் தருகிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 கருக்களில் 85 முதல் 90 வரை இதில் பிடிபடும். பதிலுக்கு, மாற்றம் இல்லாத கர்ப்பங்களிலும் இருபதில் ஒன்றுக்கு ‘ஆபத்து அதிகம்’ என்று வந்துவிடும். அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கும் பெண்களை நினைத்தால், இருபதில் ஒன்று என்பது சின்ன எண்ணாகத் தெரியவில்லை.

என்.ஐ.பி.டி. வந்தது இங்கேதான். கருவின் டிஎன்ஏ துணுக்குகள் தாயின் ரத்தத்தில் மிதக்கின்றன என்று மருத்துவ ஆய்வாளர் டென்னிஸ் லோவும் அவருடன் சேர்ந்து ஆய்வு செய்தவர்களும் 1997-இல் காட்டினார்கள். 2011-இல் அது மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது. டவுன் சிண்ட்ரோமில் நூற்றுக்கு 99 பிடிபடும். பொய் எச்சரிக்கையோ ஆயிரத்தில் ஒன்றுதான், அதற்கும் குறைவாகக்கூட இருக்கலாம். வடிகட்டும் பரிசோதனையாக டபுள் மார்க்கரைவிட இது மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த ‘99 சதவீதம்’ பலருக்கும் தவறாகவே போய்ச் சேருகிறது. ‘பாசிட்டிவ் வந்தால் 99 சதவீதம் உறுதி’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபதுகளின் தொடக்கத்தில் உள்ள 1,00,000 கர்ப்பிணிகளில், சுமார் ஆயிரத்தில் ஒருவர் வீதம் 100 பேருக்கு இந்த மாற்றம் உள்ள கரு இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை 99 பேரைக் கண்டுபிடிக்கும். மீதி 99,900 பேரில் ஆயிரத்துக்கு ஒன்று என்று பார்த்தாலும் சுமார் 100 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். ஆக, பாசிட்டிவ் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் குழந்தைக்கு மாற்றமே இல்லை! நாற்பது வயதை ஒட்டியவர்களில் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் அதே பாசிட்டிவ் பத்தில் ஒன்பது முறை சரியாக இருக்கும். பரிசோதனை ஒன்றுதான், வயதால் அதன் பொருள் மாறுகிறது. அறிக்கையைக் கையில் கொடுப்பவர் இதைச் சொல்லாமல் விட்டால் அது பெரிய அநியாயம்.

ஏன் தவறுகிறது? மிதக்கும் டிஎன்ஏ பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. நஞ்சுக்கொடியில் மாற்றம் இருந்து குழந்தையிடம் இல்லாமல் போகலாம். இரட்டைக் கருவில் ஒன்று தொடக்கத்திலேயே கரைந்திருக்கலாம். சில சமயம் மாற்றம் தாயின் உடலிலேயே இருக்கும். அப்புறம், கருவின் டிஎன்ஏ போதாமல் ‘முடிவு கிடைக்கவில்லை’ என்றும் வரும். தாயின் எடை அதிகமாக இருந்தாலோ, ரத்தத்தைச் சீக்கிரமே எடுத்திருந்தாலோ இது நேரலாம். அதை ‘நார்மல்’ என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்று. ரத்தம் கொடுத்துவிட்டோம் என்று 11–13 வார ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். இதயக் குறை, மண்டையோடு உருவாகாமை போன்ற உடலமைப்புச் சிக்கல்கள் எதுவும் என்.ஐ.பி.டி.யின் கண்ணில் படாது. நுண்ணிய குரோமோசோம் இழப்புகளையும் பார்க்கிறோம் என்று நீளும் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. அவை மிக அரிதானவை, அதனால் பாசிட்டிவ் பொய்யாக இருக்கும் பங்கும் கூடும்.

சரி, எத்தனை பேர் இதை எடுத்துக்கொள்கிறார்கள்? நெதர்லாந்து 2017 ஏப்ரலில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைத் திறந்துவிட்டது. முதல் ஆண்டில் எடுத்தவர்கள் 42 சதவீதம்தான். அப்போது அங்கே கைக்காசு கட்ட வேண்டும். இதைப் பற்றிக் கேட்க விருப்பமா என்பதையே முதலில் கேட்பார்கள். பக்கத்து நாடான பெல்ஜியம் அதே ஆண்டு ஜூலையில் செலவைக் காப்பீட்டில் சேர்த்தது, பெரும்பாலான பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்து 2021 முதல், முந்தைய பரிசோதனையில் 150-இல் ஒன்று அல்லது அதற்கு மேல் வாய்ப்பு வந்தவர்களுக்கு மட்டும் அடுத்த படியாகத் தருகிறது. நெதர்லாந்தின் எண்ணைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனமில்லை. விவரம் கேட்டபின் வேண்டாம் என்றவர்களும் முடிவெடுத்தவர்கள்தான். கவலை வேறு இடத்தில்: ஒரு குழாய் ரத்தம்தானே என்று வழக்கமான சோதனைகளோடு இதையும் சேர்த்து எடுத்துவிட்டால், கேள்வியே கேட்கப்படாமல் பதில் வந்துவிடுகிறது.

பாசிட்டிவ் வந்தால் ஊசிப் பரிசோதனை இல்லாமல் எந்த முடிவுக்கும் போகக் கூடாது. ஊசியால் கருச்சிதைவு ஆகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று சொல்லப்பட்டது பழைய கணக்கு. பழகிய கையில் இருநூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்றே இன்று கணிக்கிறார்கள். நஞ்சுக்கொடித் திசுவை 11-ஆம் வாரத்திலிருந்தே எடுக்கலாம், பதில் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் என்.ஐ.பி.டி. பார்த்ததும் அதே நஞ்சுக்கொடியைத்தான். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்தால், 15-ஆம் வாரம் வரை பொறுத்துப் பனிக்குட நீரையே எடுக்கச் சொல்லிப் பல மருத்துவர்கள் யோசனை கூறுவார்கள். அதில் மிதப்பவை குழந்தையின் செல்கள். முதல்கட்டப் பதில் சில நாட்களில் வந்துவிடும், முழுக் குரோமோசோம் அறிக்கைக்கு இரண்டு வாரம்போல ஆகும். இந்தக் காத்திருப்பும் வரக்கூடும் என்பதை முதல் ரத்தம் எடுப்பதற்கு முன்பே தம்பதியிடம் சொல்லிவிட வேண்டும்.