பதினோரு வருடமாக ஒரே அச்சில் செர்ரி ஜெல்லி: என் அனுபவம்

2014 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் ஒரு பாத்திரக் கடையில் இந்த அலுமினிய அச்சை வாங்கினேன். ஒரு லிட்டர் பிடிக்கும். நடுவில் குழல், சுற்றிலும் பன்னிரண்டு மடிப்பு. மடிப்புக்கு ஒன்றாகப் பன்னிரண்டு செர்ரி வைத்து, மேலே சிவப்பு ஜெல்லி, அடியில் தேங்காய்ப் பால் ஜெல்லி என்று இரண்டு அடுக்காக எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பிள்ளைகள் பிறந்தநாள் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஆறேழு தடவை இந்த அச்சு இறங்கிவிடும். ஜெல்லியை இறுக்க ஜெலட்டின் வாங்கலாமா, சைனா கிராஸ் என்கிற கடல்பாசி போதுமா, சிலிக்கான் அச்சு நல்லதா என்று நாகர்கோவிலில் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

ஜெலட்டின் நம் ஊர்ச் சூட்டில் சிரமம் கொடுக்கும். அதை மறைக்கப் போவதில்லை. இறுகிய ஜெலட்டின் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அதற்குச் சில டிகிரி முன்பே தளர ஆரம்பிக்கும். நம் சமையலறை சித்திரையில் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. ஆனால் அதே குணத்தால்தான் செர்ரி ஜெல்லிக்கு நான் இதை விடவில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்தால் மெல்ல வேண்டியதே இல்லை, நாக்கின் சூட்டிலேயே கரைந்து செர்ரிச் சாறாக ஓடும். பழம் மட்டும் பல்லில் நிற்கும். வேறெந்தப் பொருளிலும் எனக்கு இது கிடைக்கவில்லை.

முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து சொந்தக்காரர் கைதச்சக்கை கொண்டு வந்திருந்தார். அன்னாசியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். நல்ல மணமாக இருக்கிறதே என்று செர்ரியோடு அதையும் பச்சையாக நறுக்கிப் போட்டேன். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருந்தது. காலையில் திறந்தால் ஊற்றின தண்ணீர் ஊற்றினபடியே இருக்கிறது. பொடி மோசம் என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி ஜெலட்டின் கரைத்து ஊற்றினேன், அதுவும் இறுகவில்லை. மாமி எட்டிப் பார்த்துவிட்டு, “மக்ளே, முத்தின இறைச்சி வேகணும்னா ஓமக்காய்த் துண்டு போடுவோம்லா, கைதச்சக்கையும் அதே குணம்தான்” என்றார்கள். காரணம் அதுவேதான். ஓமக்காய் என்று நாங்கள் சொல்லும் பப்பாளியிலும், அன்னாசியிலும், இஞ்சியிலும் புரதத்தை உடைக்கிற நொதி இருக்கிறது. ஜெலட்டின் என்பது மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் போன்றவற்றிலிருந்து எடுக்கிற புரதம். இறைச்சியை மிருதுவாக்குவது ஜெல்லியை இறுகவே விடாது. பழத்தைத் துண்டாக்கிச் சீனித் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விட்டால் நொதி செத்துவிடும், அப்புறம் தாராளமாகப் போடலாம். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே வெந்தது என்பதால் அதனால் தொந்தரவு இல்லை. செர்ரிக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது.

அளவு விஷயத்தில் எனக்கு இரண்டு வருடம் போனது. அமெரிக்கக் கணக்கு ஒரு பொட்டலம், அதாவது 7 கிராமுக்கு, இரண்டு கப் தண்ணீர். அங்கே பேர்போன ஜெல்-ஓ என்ற ஜெல்லிப் பொடி, 1897-இல் நியூயார்க் மாநிலத்தில் லெ ராய் என்ற ஊரில் பியர்ல் வெயிட் என்பவர் தொடங்கி வைத்தது. பனி பெய்கிற ஊர் அது. அந்தக் கணக்கில் இங்கே செய்தால் கிண்ணத்தில் வைத்துச் சாப்பிடலாம், அச்சிலிருந்து கவிழ்த்தால் நிற்காது. இப்போது நான் அரை லிட்டருக்கு 15 கிராம் போடுகிறேன். ஈஸ்டர் வெயிலுக்கு இன்னும் ஒரு கிராம் கூடும். அதற்கு மேல் போனால் ரப்பர் ஷீட் மாதிரி இழுக்கும். சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கரண்டிக் கணக்கு ஒவ்வொரு பொடிக்கும் மாறுகிறது.

ஜெலட்டின் பொடியை நேரே வெந்நீரில் கொட்டக் கூடாது. வெளிப்புறம் மட்டும் கரைந்து உள்ளே கட்டி கட்டியாக நிற்கும். 15 கிராம் பொடிக்கு 80 மில்லி குளிர்ந்த தண்ணீர் எடுத்து, தண்ணீரின் மேல் பொடியைப் பரவலாகத் தூவி, ஐந்து நிமிடம் தொடாமல் விட்டால் ஊறவைத்த சவ்வரிசி போல உப்பி வரும். அதைச் சூடான சாற்றில் போட்டுக் கலக்கினால் கண்ணாடி போலத் தெளியும். கொதிக்க விடாதீர்கள், கொதித்தால் இறுகும் சக்தி குறையும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கி ஆறின பிறகு சேர்ப்பேன், புளிப்போடு சேர்ந்து சூடாவதும் அதற்கு ஆகாது. சில பொடியில் வெந்நீர் பட்டதும் ஒரு தோல் வாடை அடிக்கும். அது செர்ரிச் சாற்றில் அடங்கிவிடும், தேங்காய்ப் பாலில் அடங்காது. அதனால் வாடை இல்லாத பொடியை வெள்ளை அடுக்குக்கு எடுத்து வைப்பேன். எங்கள் மாவட்டத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. உறையைத் திறந்து வைத்தால் பொடி ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். ஹார்லிக்ஸ் பாட்டில் போல இறுக்கமான மூடி உள்ளதில் போட்டு வையுங்கள்.

செர்ரிக்கு வருவோம். கோட்டாறு கம்போளத்திலும் பேக்கரி சாமான் கடைகளிலும் எடை போட்டுத் தரும் சிவப்புச் செர்ரி பெரும்பாலும் செர்ரியே இல்லை, களாக்காய். விதையை எடுத்து, நிறத்தைப் போக்கி, சீனிப் பாகில் ஊறவைத்துச் சிவப்பு ஏற்றுவார்கள். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, வடிவம் குலையாமல் அச்சில் அழகாக உட்காரும். ஆனால் சாயம் கசியும். ஒரு வருடம் வெள்ளை அடுக்கில் ஒவ்வொரு பழத்தைச் சுற்றியும் ரோஜா நிற வளையம் வந்து, முழுசும் கறை பிடித்த துணி மாதிரி ஆனது. அதிலிருந்து லேபிள் இருந்தால் நிற எண்ணைப் பார்க்கிறேன். 127 என்று போட்டிருந்தது எனக்குக் குறைவாகவே கசிந்திருக்கிறது, 122 நன்றாகக் கசிந்தது. எதுவானாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு முறை அலசி, துணியில் பரப்பி ஒரு மணி நேரம் உலர்த்திய பிறகே போடுவேன். டின் செர்ரி நிஜச் செர்ரி, மென்மை, விலை அதிகம். அதன் பாகு வீணாகாமல் சிவப்பு அடுக்குக்கே ஆகிவிடும் என்பதால் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வாங்குகிறேன். காஷ்மீர், இமாச்சல் பக்கத்திலிருந்து மே, ஜூனில் வரும் புதுச் செர்ரி இங்கே வந்து சேரும்போதே பாதி வாடியிருக்கும். கிடைத்தால் கொட்டையை எடுத்துச் சீனியில் ஐந்து நிமிடம் வேகவைத்துப் போடுங்கள், மணம் அதில்தான் இருக்கிறது.

பாகில் ஊறின பழம் கனம், ஊற்றின உடனே அடியில் போய் உட்காரும். புதுப் பழம் சில சமயம் மேலே மிதக்கும். எங்கே வேண்டுமோ அங்கே நிற்கவைக்க ஒரே வழி அவசரப்படாமல் இருப்பதுதான். நான் அச்சை ஐஸ் தண்ணீர்த் தட்டில் வைத்து, சிவப்புச் சாற்றை விரல்கடை உயரத்துக்கு மட்டும் ஊற்றுவேன். இருபது நிமிடத்தில் அது முட்டை வெள்ளைக்கரு பதத்துக்கு வரும். விரல் நுனியால் தொட்டால் ஒட்டும், குழி விழாது. அப்போது மடிப்புக்கு ஒரு செர்ரி, அழகான பக்கம் கீழே பார்த்தபடி, மெல்ல அழுத்தி வைப்பேன். கவிழ்த்ததும் அந்தப் பக்கம்தானே மேலே வரும். பிறகு மீதிச் சாற்றைக் கரண்டியின் முதுகில் விட்டு வழியவிட வேண்டும். நேரே ஊற்றினால் பழம் இடம் மாறும், குமிழியும் வரும். சிவப்பு முழுக்க இறுகி, ஆனால் இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்போது வெள்ளை அடுக்கு. கெட்டித் தேங்காய்ப் பால் 250 மில்லி, பசும்பால் 150 மில்லி, மில்க்மெய்டு நான்கு மேஜைக் கரண்டி, ஊறவைத்த ஜெலட்டின். கையில் தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். சூடாக ஊற்றினால் சிவப்பு உருகிக் கலந்துவிடும். சிவப்பை ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் வெள்ளையை ஊற்றினாலும் தப்புதான், வெட்டும்போது இரண்டும் தனித்தனியாக வழுக்கும்.

கவிழ்ப்பதுதான் எல்லோரும் பயப்படுகிற இடம். தட்டை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தட்டில் விழுந்தால் நடுவில் இல்லாவிட்டாலும் நகர்த்திக்கொள்ளலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அச்சை விளிம்பு வரை இறக்கி எட்டு எண்ணுவேன். டிசம்பரில் பத்து. ஈர விரலால் ஓரத்தைச் சுற்றி உள்பக்கமாக லேசாக இழுத்தால் காற்று புகும். தட்டை மேலே மூடி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பி ஒரு குலுக்கு. ‘சொளக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வரும்வரை அச்சைத் தூக்கக் கூடாது. வராவிட்டால் வெந்நீரில் நனைத்த துணியை அச்சின் மேல் போடுங்கள், தட்டாதீர்கள்.

அலுமினியம் இந்த இடத்தில்தான் தன் விலைக்கு உழைக்கிறது. சூட்டைச் சட்டென்று கடத்துவதால் எட்டு எண்ணிக்கை போதும். 2019-இல் ஒரு சிலிக்கான் அச்சு வாங்கினேன். வெந்நீர்ச் சூடு உள்ளே போகவே நேரமாகிறது. வளைத்து எடுக்கலாம் என்றால், வளைக்கிற வளைப்பில் ஜெலட்டின் கிழிந்து செர்ரி தனியாகத் தெறிக்கிறது. கடல்பாசிக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன், அதற்கு அருமையான அச்சு. அலுமினியத்தில் இரண்டு எச்சரிக்கை உண்டு. புளிப்புச் சாறு ஊற்றி ஒரு ராத்திரிக்கு மேல் விடாதீர்கள். கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்தால் ஜெல்லி அதைப் பிடித்துக்கொள்ளும். 2021-இல் என் அச்சு கை தவறி விழுந்து ஒரு மடிப்பு நசுங்கியது. அன்றிலிருந்து அந்த மடிப்பில் ஜெல்லி பிய்ந்துதான் வருகிறது. வெட்டும்போது முதல் துண்டை அங்கிருந்து எடுக்கிறேன்.

கடல்பாசி பற்றிச் சொல்லாமல் விட முடியாது, சைவம் சாப்பிடுகிற வீட்டுக்கு ஜெலட்டின் கொடுக்கக் கூடாது. கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுவது மரியாதை. பாக்கெட் ஜெல்லியில் பச்சைப் புள்ளி இருந்தால் அதில் ஜெலட்டின் இல்லை. கடல்பாசியும் நம் கடல் கொடுக்கிற பொருள்தான். ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூச்சடக்கி முங்கி எடுக்கிற பாசியிலிருந்துகூடச் செய்கிறார்கள். நூல் பாசி 10 கிராமை ஊறவைத்து, முழுக்கக் கரையும்வரை கொதிக்கவைத்தால் ஒரு லிட்டர் இறுகும். ஃபிரிட்ஜே தேவையில்லை, 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் தானாக இறுகும். மறுபடி உருகக் கிட்டத்தட்ட 85 டிகிரி வேண்டும் என்பதால் வெயிலில் வைத்தாலும் நிற்கும். ஆனால் வாயில் கரையாது, நறுக்கென்று உடையும். பழத்தைப் பிடித்துக்கொள்ளவும் செய்யாது, கத்தி பட்டதும் செர்ரி குழியை விட்டுக் கழன்று விழும். மறுநாள் சுற்றிலும் தண்ணீர் விடும். அதனால் அதில் செர்ரியைப் பொடியாக நறுக்கிப் போடுகிறேன்.

மின்சாரம் நம்பிச் செய்கிற பலகாரம் இது என்பதை ஒக்கி எனக்குக் காட்டியது. 2017 நவம்பர் 30 அன்று அடித்த புயலில் எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. பிறந்தநாளுக்கென்று முந்தின நாள் இறுக்கி வைத்திருந்தது சிவப்பும் வெள்ளையும் கலந்து தண்ணீராகப் போயிற்று. அதைக் கொட்டும்போது பெரிதாகத் தெரிந்தது. இரண்டு நாளில் தூத்தூர், சின்னத்துறைப் பக்கத்திலிருந்து கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டபோது அதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் அச்சு இறங்கவில்லை. மாமி செய்த முந்திரிக்கொத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த வருடம் ஈஸ்டருக்குத்தான் மறுபடி எடுத்தேன்.

ஃபிரிட்ஜை விட்டு எடுத்தால் டிசம்பரில் இருபது நிமிடம், ஈஸ்டருக்குப் பத்து நிமிடம், அவ்வளவுதான் நேரம். எல்லோரும் உட்கார்ந்த பிறகு கவிழ்ப்பதே சரி. மிச்சம் இருந்தால் மூடி வைத்து இரண்டு நாளுக்குள் சாப்பிடுங்கள், மூன்றாம் நாள் தோல் கட்டும். ஃப்ரீஸரில் மட்டும் வைக்காதீர்கள். பனிக்கட்டி ஆகி இளகும்போது பஞ்சு மாதிரி ஆகித் தண்ணீர் கக்கும்.

போன வாரம் மைனி, அதாவது அண்ணி, அச்சை இரவல் வாங்கிப் போனார்கள். நசுங்கின மடிப்பு எது என்று காட்டி, அளவையும் எழுதிக் கொடுத்தேன். நேற்று ராத்திரி போன். “செர்ரி கொஞ்சம்தான் இருக்கு, கூட கைதச்சக்கை போடலாமா?” “வேகவைச்சுப் போடுங்க மைனி, பத்து நிமிஷம் கொதிக்கணும்” என்றேன்.