குளிர்காலம் முடிந்ததும் மறுபடி குதிரை ஏற: நீள்கயிற்று வகுப்பு

குளிர் முழுக்க முடங்கிக் கிடந்த என்னை மறுபடி சேணத்தில் ஏற்றியது, நான் போகும் குதிரையேற்றப் பள்ளியின் நீள்கயிற்று வகுப்புதான். பயிற்சியாளர் நடுவில் நின்று நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்டுவார். குதிரை அவர் பொறுப்பு. சரியாக உட்கார்வது மட்டும் நம் வேலை. அந்த நிம்மதிக்காகவே கிளம்பிப் போனேன்.

கால் வைக்கும் வளையமான அங்கவடியைக் கழற்றிவிட்டு ட்ராட் (நடையைவிட வேகமான துள்ளோட்டம்) போகச் சொன்னதும், உள்தொடைத் தசை எவ்வளவு வலுவிழந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். முழங்காலால் இறுக்கினால் உடம்பு மேலே தூக்கியடிக்கும். தொடையைத் தளர்த்தி, இடுப்பைக் குதிரையின் முதுகோடு அசைய விட்டால்தான் ஆட்டம் அடங்கும். அதுவரை வீட்டில் ப்ளாங்க், ஸ்குவாட் செய்ய மனசே வரவில்லை. எதற்காக என்று உடம்புக்கே புரிந்தபின் தானாக வந்தது.

குதிரையின் பக்கமும் யோசிக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஓய்விலிருந்த குதிரைக்கும் தசை வற்றியிருக்கும், பழைய சேணம் பொருந்தாமல் போகலாம். முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சேணம் வைக்கிறார்கள். முதல் வாரங்களில் பெரும்பாலும் நடைதான். வட்டத்தில் ஓடுவது மூட்டுகளுக்குப் பாரம், அதனால் நேரத்தை நீட்டுவதில்லை, அடிக்கடி திசை மாற்றுகிறார்கள்.

மாலையில் கூட்டம் அதிகம். காலை வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்.